‘விளங்குதுங்க மிஸ்’: சம்பளத்துக்கு வழிகாட்டி எழுதிய காலம்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான் சொன்னால் பதுளையில் கணினி படிக்கும் தம்பி தங்கைகள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் ஒரு வேலையை ஆசையாகத் தொடங்கி, ஓடி ஓடிச் செய்து, முடித்து, இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அதற்கு ஓய்வு என்றுதானே பெயர்? “அக்கா, திறந்த மூல மென்பொருளுக்கு வழிகாட்டி எழுதினா காசு குடுப்பாங்களாமே, உண்மையா?” என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே கதையைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் பஸ் வந்து கதை பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் பசறைக்காரி. அப்பாவுக்கு டவுனில் தையல் கடை. உயர்தரப் பரீட்சை முடித்து, பதுளையில் கணினி டிப்ளோமா படித்த காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: எந்த மென்பொருளைப் பார்த்தாலும் அதன் உதவிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எழுதியவருக்கு மட்டும் புரிகிற மாதிரி இருக்கும். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சம்பளம் இல்லாமல், தங்கள் ஓய்வு நேரத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று நிரல் எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுத மட்டும் யாருக்கும் கை வருவதில்லை. இது ஏன் என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது. எழுத்துப் பிழை திருத்தினேன், ஒன்றிரண்டு பக்கங்களைத் தமிழாக்கினேன். அப்படித்தான் மழை மென்பொருள் கண்ணில் பட்டது.

அது சின்ன விஷயம்தான். மலைச்சரிவில் இருக்கிற லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது ஒருவர் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவைப் போனில் போட வேண்டும். அளவுகள் ஒரு வரைபடத்தில் தெரியும். சில நாட்களின் மழை கூடி ஓர் எல்லையைத் தாண்டினால் கீழே இருக்கிறவர்களின் போன்களுக்குச் செய்தி போகும். மண் சரிகிற ஊர் எங்கள் ஊர். இப்படி ஒன்று யாருக்கும் சம்பளம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய அதிசயம்.

அதை எழுதிப் பராமரித்துக்கொண்டிருந்தவர் ரவி சேர். பண்டாரவளையில் கணித ஆசிரியர். இன்னும் சில தொண்டர்கள் கண்டி, மட்டக்களப்பு, கனடா என்று சிதறி இருந்தார்கள். நிரலின் முக்கால்வாசி அவருடையது. வாரநாளில் பாடசாலை, டியூஷன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு இந்த வேலை.

ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, வழிகாட்டி எழுதுவதற்கென்று மட்டும் ஒரு சிறு நிதி கொடுக்க முன்வந்தது. நிரல் எழுத அந்தக் காசைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. தொண்டர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. எல்லாம் பொதுவில் எழுதி நடந்த விவாதம், நான் சொல்சொல்லாக வாசித்தேன். ரவி சேர் எதிர்த்தார். அவர் எழுதியது இதுதான்: “எழுதுகிறவருக்குக் காசு வரும். எழுதியதை வாசித்துத் திருத்துகிறவனுக்கு வேலை மட்டும் வரும்.” கடைசியில் சமரசமாக ஒரு முடிவு: மழைக்காலத்துக்கு முன் ஒரே ஒரு தமிழ் வழிகாட்டிக்கு மட்டும் காசு கொடுத்துப் பார்ப்பது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவில் அதைப் பரீட்சிப்பது. அங்கே அது உதவினால் தொடரலாமா என்று வாக்கெடுப்பு. உதவாவிட்டால் இந்தத் திட்டத்தில் இனி எவருக்கும் எழுத்துக்குக் காசில்லை.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. நான் சொதப்பினால் எனக்குப் பின்னால் வருகிற எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். போதாததற்கு, என் பக்கங்களைச் சரிபார்க்கப் போகிறவர் ரவி சேர்தான்.

அவர் சரிபார்க்கும் விதம் இன்னும் எனக்கு மனப்பாடம். ‘பிழை’ என்று ஒரு நாளும் எழுத மாட்டார். கேள்வி மட்டும் கேட்பார். “போனை இயக்கவும் என்று எழுதியிருக்கிறாய். அணைத்து வைத்திருக்கிற ஆள் இதை எதில் வாசிப்பார்?” என்பார். “இந்தப் படம் எந்த வெளிச்சத்தில் எடுத்தது? வெயிலில் திரை தெரியுமா?” என்பார். “நீ செய்து பார்த்தாயா?” என்பது எல்லாப் பக்கத்துக்கும் பொது. நான் செய்து பார்த்தேன் என்று எழுதினால், “தெரிந்த ஆளாகச் செய்தாயா, தெரியாத ஆள் மாதிரிச் செய்தாயா?” என்று அடுத்த கேள்வி வரும். கோபம் வரும், ஆனால் மறுநாள் யோசித்தால் கேள்வி சரியாக இருக்கும். காசு கூடாது என்ற மனிதர் ஒரு வரியைக்கூட மேலோட்டமாக வாசித்ததில்லை என்பதும் எனக்கு விநோதமாக இருந்தது.

பரீட்சிக்கும் முறையும் அவர் சொன்னதுதான். வழிகாட்டியை அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும். போனைக் கொடுக்க வேண்டும். பிறகு எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. வாசிக்கிறவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார் என்று பார்க்க வேண்டும். எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இருந்தேன்.

மேல் பிரிவுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அதற்கு மேல் நடை. நான் போகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். போனதும் கதிரையைத் துடைத்துப் போடுவார்கள். பிளேன்டீ வரும், பிஸ்கட் வரும். “மிஸ் வந்திருக்காங்க” என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் போகும். நான் யாருக்கும் மிஸ் இல்லை, ஆனால் கையில் அச்சடித்த தாளோடு வருகிறவள் வேறு யாராக இருக்க முடியும்?

மழைமானியைப் பார்க்க ஒத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் புஷ்பம் அக்கா. கொழுந்து பறிக்கிறவர்; லயத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு. அவர் வீட்டு வாசலில்தான் மழைமானி நட்டிருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மழைப் போத்தல். அவர் வழிகாட்டியை வாசித்தார், வரைபடத்துக்குப் போகாத பயிற்சிப் பக்கத்தில் எண்ணைப் போட்டார், பொத்தானை அழுத்தினார்.

“விளங்குச்சா அக்கா?”

“நல்லா விளங்குதுங்க மிஸ்.”

அடுத்த வீட்டில் அவருடைய தம்பி மனைவி சாந்தி. அவளுக்கும் விளங்கியது. அதற்கடுத்த வீட்டிலும் விளங்கியது. எல்லோருக்கும் எல்லாமும் விளங்கியது என்று நான் துள்ளிக்கொண்டு அறிக்கை எழுதிப் போட்டேன்.

ரவி சேரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. “எல்லோருக்கும் விளங்கியிருந்தால் வரைபடத்தில் ஏன் ஓர் அளவுகூட வரவில்லை?”

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். மற்ற ஊர்களிலிருந்து எண்கள் வந்துகொண்டிருந்தன. மேல் பிரிவு இருக்கிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. போனில் பழுதா என்று பார்த்தோம், இல்லை. சிக்னல்? வாசலில் நன்றாகவே இருந்தது. புஷ்பம் அக்காவுக்குப் போன் போட்டேன். “பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன் மிஸ். தெனமும் பாக்குறேன்” என்றார். பொய் சொல்கிற குரல் இல்லை அது. அவர் தினமும் போத்தலைப் பார்க்கிறார். அனுப்பத் தெரிகிறது. அனுப்புவதில்லை. ஏன்?

இந்த ‘ஏன்’ என்னைப் பிடித்து ஆட்டியது. நேரே கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்: நாளைக்கு அனுப்புறேங்க. வீட்டுக்கு வந்தவர் மனம் கோணாமல் பேசுகிறவர்கள் எங்கள் ஆட்கள். நான் எழுதிய பக்கம் மோசம் என்று என்னிடம் சொல்ல அவர்கள் யாருக்கும் வாய் வராது. நான் எவ்வளவுதான் வாயை மூடி உட்கார்ந்தாலும், உட்கார்ந்திருப்பதே போதும், ‘விளங்குதுங்க’ வந்துவிடும்.

அப்படியானால் யாரிடம் வாய் வரும்? பஸ்ஸில் வரும்போது இதையே யோசித்தேன். எனக்கு முன் இருக்கையில் இரண்டு மச்சான்மார் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் வாங்கிய சட்டை, வெட்டிய முடி, கட்டப்போகிற பெண், ஒன்றையும் மற்றவன் விடவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முறைக்காரர்களுக்கு மட்டும் இதற்கு அனுமதி உண்டு. அண்ணன் தம்பி இப்படிப் பேசினால் வெட்டுக்குத்து. மச்சானும் மச்சானும் பேசினால் பாசம். மதினியும் அப்படித்தான்.

அடுத்த தடவை தாளைத் தனியாக யாருக்கும் கொடுக்கவில்லை. புஷ்பம் அக்காவிடமும் சாந்தியிடமும் சேர்த்துக் கொடுத்தேன். சாந்திக்கு அவர் மதினி முறை. “இன்னைக்குப் பயிற்சி இல்ல, நெசமாவே அனுப்பிப் பாருங்க. ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி வாசிச்சு, பேசிப் பேசிச் செய்யுங்க. நீங்க பேசுறதக் கேட்டு எழுதிக்கத்தான் நான் வந்திருக்கேன். ஆனா முன்னால ஒக்காந்து ஒங்க மொகத்தப் பாக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் அங்கிருந்த போஞ்சிக்காயை ஒடிக்க உட்கார்ந்தேன். லயத்து வீட்டில் முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

“மதினி, வாசிங்க.”

“நீ வாசி. ஓ.எல். சோதன வரைக்கும் போனவ நீதானே.”

“ஒங்க தம்பியக் கட்டிக்கிட்டு ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டத்தான் ஓ.எல். போனேனா?”

“பெயிலாத்தானே போன, பேச்சப் பாரு.”

“ஒங்க தம்பி அந்தப் பக்கமே போகல்ல. சரி சரி, கேளுங்க. ‘அளவை உள்ளிட்டு அனுப்பு என்ற பொத்தானை அழுத்தவும்.’ போட்டாச்சு. அமத்துங்க.”

“நீ அமத்து.”

“நான் அமத்த மாட்டேன். ஒங்க வாசல்லதானே போத்தல் இருக்கு.”

“போன் ஒன் கையிலதானே இருக்கு?”

“நாளைக்கு சாமானக் கட்டுங்கன்னு வந்து நின்னா ஒங்க பேரே இருக்கட்டும் மதினி. எனக்கு வேணாம்.”

போஞ்சி ஒடிக்கிற என் கை நின்றுவிட்டது. பிறகு புஷ்பம் அக்காவின் குரல், முன்னைவிடத் தணிந்து வந்தது.

“போன தடவை மல எறங்கும்னு பயங்காட்டிக் கெளப்பினாங்களே, அந்த ஸ்கூல்ல எத்தன நாளு கெடந்தோம். ஒரே ஹோல்ல எல்லாரும். பொம்பளப் புள்ளைங்க உடுப்பு மாத்த எடமில்ல. மாமா ராவெல்லாம் இருமினாரு.”

“திரும்பி வந்தா ஒரு கோழி மிச்சமில்ல.”

“மல எறங்கினதா? அதுவும் இல்ல.”

“அதுக்குத்தான் சொல்றேன். இந்தத் துளி மழைக்கு நம்ம கையால அமத்தி, நம்மளே போய்ப் படுக்கணுமா?”

“அப்பறம் ஏன்டி மிஸ்கிட்ட விளங்குதுன்னு சொன்ன?”

“விளங்கத்தானே செஞ்சது! அமத்துறேன்னா சொன்னேன்? நீங்களுந்தானே நல்லா விளங்குதுன்னீங்க, பல்லக் காட்டிக்கிட்டு. பாவம், ரெண்டு பஸ் மாறி வருது அந்தப் புள்ள.”

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகுதான் உறைத்தது. என் வழிகாட்டியில் எப்படி நிறுவுவது இருந்தது, எப்படி அளப்பது இருந்தது, எங்கே அழுத்துவது படத்தோடு இருந்தது. அழுத்திய பிறகு அது யாரிடம் போகும், அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வரி இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

நான் எழுந்து முன்னறைக்குப் போனேன். “அக்கா, நீங்க பேசினத நான் சேர்கிட்ட சொல்லட்டுமா? பேரு சொல்லாம?”

சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புஷ்பம் அக்கா சொன்னார். “பேரோடயே சொல்லுங்க. போறது யாருக்குன்னு கேட்டுக்கிட்டு வாங்க. அப்பறம் அமத்துறேன்.”

அன்று சாயங்காலமே புதிய முதல் பக்கத்தை எழுதினேன். அதில் முதல் வரி: “நீங்கள் அனுப்பும் அளவு எல்லையைத் தாண்டினால், செய்தி உங்கள் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் மட்டும்தான் போகும்.” அதற்கடியில், இதைப் பார்த்து எவரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள் என்றும், அரசாங்க எச்சரிக்கை வேறு வழியாக வரும், வந்தால் அதைத்தான் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன்.

ரவி சேரின் கேள்வி வந்தது. “முதல் வரி உண்மையா?”

நிரல் அவருடையது. என்னைக் கேட்கிறாரே என்று எரிச்சலோடு போன் போட்டேன். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

“ஜெனி, நான் அந்தப் பட்டியலத் தொறந்து பாத்தேன். எல்ல தாண்டினா செய்தி போற நம்பர்கள்ல தோட்ட அலுவலக நம்பர் ஒண்ணு இருக்கு. தொடக்கத்துல நானே போட்டது. அவங்களுக்கும் தெரிஞ்சா நல்லதுதானேன்னு நெனச்சேன். லயத்துல யாரையும் கேக்கல்ல.”

“அப்ப அவங்க பயந்தது சரி சேர். அலுவலகத்து ஆளுங்கதானே வந்து சாமானக் கட்டச் சொல்றது.”

“சரிதான். அந்த வரிய நீ மாத்தணும், இல்ல நிரல நான் மாத்தணும்.”

பிறகு அவரே, “எது நல்லதுன்னு அவங்கள்ட்டயே கேளு” என்றார்.

கேட்டேன். மேல் பிரிவில் கோயில் வாசலில் பெரிய பேச்சானது. தொழிற்சங்கத் தலைவர், தோட்ட அலுவலகத்துக்கும் தெரிந்தால் நல்லது என்றார். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் செய்தி முதலில் லயங்களுக்கு, வேறு யாருக்குச் சொல்வது என்று லயத்து ஆட்களே தீர்மானிப்பது என்று முடிந்தது. ரவி சேர் அந்த ஞாயிறு நிரலை மாற்றினார். நம்பரை எடுத்தது மட்டுமல்ல, பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று அனுப்புகிறவர் தன் போனிலேயே பார்க்கவும் வழி செய்தார். என் வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நான் எழுதிய ஒரு வாக்கியம் உண்மையாக வேண்டும் என்பதற்காக ஒரு மென்பொருள் மாறியதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். எழுத்து என்பது முடிந்த பொருளுக்கு ஒட்டுகிற லேபல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

புஷ்பம் அக்கா பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னார். பிறகு அழுத்தினார். வரைபடத்தில் எங்கள் சரிவில் ஓர் எண் வந்தது.

வாக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொருவராக ஆம், இல்லை என்று எழுதினார்கள். ஏறக்குறையச் சரிபாதி. ரவி சேர் எழுதவில்லை. ஏன் சேர் என்று கேட்டதற்கு, “அனுப்பத் தொடங்கினது சரி. ஒரு தடவை எச்சரிக்க பொய்யாப் போயி ஏமாந்த பெறகும் அனுப்புவாங்களா? அதத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுறேன்” என்றார். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைதான்.

மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்தது பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை அளவில் எல்லை தாண்டி, கீழ் லயத்துப் போன்களெல்லாம் சத்தம் போட்டன. யாரும் வந்து சாமானைக் கட்டச் சொல்லவில்லை. அவர்களே சுவர் வெடிப்பைப் பார்த்தார்கள், வாய்க்கால் தண்ணீர் கலங்கலா என்று பார்த்தார்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சரிவுக்கு அந்தப் பக்கத்துக் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். போகும்போது கோழிகளையும் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்களாம். மழை விட்டது. பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். மண் ஒரு பிடிகூட இறங்கவில்லை.

சாந்தி எனக்குப் போன் போட்டாள். “ஒண்ணும் நடக்கலீங்க மிஸ். சும்மா போய் சும்மா வந்தோம். கீழ் லயத்து ஆம்பளைங்க மதினிய ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுறாங்க. மழைக்காரம்மான்னு பேரு வச்சிட்டாங்க.”

“அக்கா என்ன சொல்றாங்க?”

“அதுவா? வாய் பேசாம ஒக்காந்திருக்கு. அது வாய் பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல.”

மறுநாள் காலையில் வேறு எதிலும் மனம் போகவில்லை. அப்பாவின் கடையில் உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இடங்களின் எண்கள் வந்தன. எங்கள் சரிவு வெறுமை. கொழுந்து எடுக்கப் போகிற நேரம் தாண்டிவிட்டது. சரி, முடிந்தது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பா கேட்ட நூலை எடுத்துக் கொடுத்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தபோது எண் வந்திருந்தது.

உடனே அழைத்தேன். “ஏன் அக்கா இவ்வளவு நேரம்?”

“கீழ் லயத்து ஆளுங்க வந்து நின்னுட்டாங்க மிஸ், இன்னைக்குப் போத்தல்ல எவ்வளவுன்னு. நேத்து ஓட்டினவனுங்கதான். அவனுங்களுக்குக் காட்டிட்டு அமத்த நேரமாயிருச்சு.”

சற்று நேரத்தில், சரிபாதியாக நின்ற கணக்கைத் தீர்த்து ரவி சேரின் வாக்கு வந்தது. “ஆம். எழுதுகிறவருக்கும், தாளை வாசித்துச் சண்டை போடுகிற இருவருக்கும் காசு கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டாம்.”

எனக்கு அந்தக் கடைசி வரி பிடிக்கவில்லை. போன் போட்டு, அறக்கட்டளையிடம் நிபந்தனையை மாற்றக் கேட்கலாமே, திருத்துகிறவருக்கும் கேட்கலாமே என்று படபடவென்று சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

“ஜெனி, காசு வாங்கினா ஞாயித்துக்கிழம வேலையாயிரும். இப்ப நான் எந்த ஞாயிறும் விட்டுட்டுப் போகலாம். அதனாலதான் போகாம இருக்கேன்.”

“அப்ப என் காசு?”

“நீ ரெண்டு பஸ் மாறிப் போகணும். விடவும் ஏலாது. அதுக்குத்தான் காசு.” பிறகு, அவர் வழக்கப்படியே, “ரெண்டாம் பக்கத்துல அந்தப் படம். மழைக்குள்ள நின்னுக்கிட்டுத் தெரியுமா, பாத்தியா?” என்று கேட்டார்.

நான் பார்த்திருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.